குத்ரீத் பாடிய பாட்டு: பேகன் மாந்திரீகமும் அன்றாட வாழ்வும்

“ஒரு வருடமாக வட ஐரோப்பியப் பேகன் இசையைக் கேட்டுவருகிறேன். இந்த இசை உண்மையில் பழமையானதா? இவர்கள் சொல்லும் மாந்திரீகம் சாத்தான் வழிபாடா? வேலைக்குப் போய்வந்து வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இதை அன்றாடம் எப்படிக் கடைப்பிடிக்கிறார்? எனக்குப் பாடவும் வராது.” இவைதான் உங்கள் கேள்விகள்.

சாத்தானை முதலில் முடித்துவிடுகிறேன். அவன் கிறித்தவ மரபுக்குள் வரும் பாத்திரம். பேகன்கள் என்போர் கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை இன்று வழிபடுபவர்கள். அவர்கள் வணங்கும் ஓடின், ஃப்ரேயா, பிரிஜித், ஹெகடே ஆகியோரின் கதைகளில் சாத்தானுக்கு இடமே கிடையாது. கதையிலேயே இல்லாதவனை யார் வழிபடப் போகிறார்கள்? மற்றக் கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். இந்த நெறிக்குள் பலரும் கத்தி, கோப்பை, பளிங்குக்கல், மூலிகைப் பொட்டலம் என்று பொருள்களின் வழியாக நுழைகிறார்கள். நீங்கள் இசை வழியாக வந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான வாசல். ஏன் என்பதற்கு ஒரு பழைய காட்சியைச் சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, சிவப்பு எரிக் பற்றிய வீரக்கதையில் இந்தக் காட்சி வருகிறது. கதை நடப்பது சுமார் 1000ஆம் ஆண்டில், கிரீன்லாந்தில். வேட்டைக்குப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஊரில் பஞ்சம். இது எப்போது தீரும் என்று கேட்பதற்காகத் தோர்க்கெல் என்னும் பண்ணைக்காரர் தோர்பியோர்க் என்ற குறிசொல்லும் பெண்ணைத் தம் வீட்டுக்கு அழைக்கிறார். அவள் வரும் கோலத்தைக் கதை விரல்விட்டு எண்ணிச் சொல்கிறது: கல் பதித்த கருநீல மேலங்கி, கருப்பு ஆட்டுக்குட்டித் தோலில் தைத்து உள்ளே வெள்ளைப் பூனைத்தோல் வைத்த தலைமூடி, பித்தளைக் குமிழ் வைத்த கோல், இடுப்பில் மாந்திரீகப் பொருள்கள் நிறைந்த பை. மறுநாள் அவளுக்கு உயரமான மேடை தயாராகிறது. ஆனால் அவளால் தொடங்க முடியவில்லை. ‘வர்த்லொக்குர்’ என்னும் பாட்டைப் பாடத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்கிறாள். வீடு முழுக்கத் தேடியும் ஒருத்திகூட இல்லை.

அப்போது குத்ரீத் என்ற இளம்பெண் சொல்கிறாள்: “நான் மந்திரக்காரியும் அல்ல, குறிசொல்பவளும் அல்ல. ஆனால் ஐஸ்லாந்தில் என்னை வளர்த்த ஹால்தீஸ் அந்தப் பாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.” அவள் கிறித்தவள், அதனால் பாடத் தயங்குகிறாள். தோர்க்கெல் வற்புறுத்தியதும் ஒப்புக்கொள்கிறாள். பெண்கள் மேடையைச் சுற்றி வளையமாக நிற்கிறார்கள். குத்ரீத் பாடுகிறாள். அங்கிருந்த எவரும் அதுவரை அவ்வளவு இனிமையான குரலைக் கேட்டதில்லை என்கிறது கதை. முன்பு முகம் திருப்பிக்கொண்ட ஆவிகள்கூட இந்தப் பாட்டைக் கேட்க வந்துவிட்டன என்று சொல்லி அவளுக்கு நன்றி கூறுகிறாள் தோர்பியோர்க். வசந்தத்தோடு பஞ்சம் விலகும் என்ற குறியும் பிறக்கிறது.

இந்தக் காட்சியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கோல், அங்கி, பை எல்லாம் கைவசம் இருந்தும் பாட்டு இல்லாததால் அந்தப் பெரியவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பாட்டோ பூசாரியிடம் இல்லை; வளர்ப்புத் தாயிடமிருந்து வீட்டுக்குள் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணிடம் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது: குத்ரீத் பாடிய பாட்டின் ஒரு வரியைக்கூடக் கதை எழுதி வைக்கவில்லை. மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை.

ஆகவே, நீங்கள் கேட்கும் இசை பழமையானது அல்ல. கருவிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டிய கப்பல் கல்லறையில் ஒரு யாழின் மரத்துண்டுகள் இருந்தன. டென்மார்க்கின் சதுப்பு நிலங்களில் வெண்கலக் கொம்புகள் கிடைத்தன. அவற்றில் என்ன வாசித்தார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை. உங்களுக்குப் பிடித்த இசையில் குதிரைவால் முடியை நரம்பாகக் கட்டி வில்லால் இழுக்கும் யாழ் ஒலிக்கும்; அது வைக்கிங் எனப்பட்ட வட ஐரோப்பியக் கடலோடிகளின் காலத்துக்குப் பிந்தியது. கதையின் அந்தக் காட்சியில் பறையே இல்லை, குரல் மட்டும்தான். இன்றைய பேகன் இசையில் பறை இவ்வளவு இடம் பிடித்ததற்கு, வடகோடியில் வாழும் ‘சாமி’ என்னும் பழங்குடியினரின் பறை மீது பிற்காலத்தவருக்கு ஏற்பட்ட ஈர்ப்பும் ஒரு காரணம். அந்தப் பறைகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மதபோதகர்கள் பறித்து எரித்தார்கள். பறையொலியைக் கேட்டு மனம் கிளரும்போது அந்த இழப்பையும் நினைத்துக்கொள்வது நல்லது.

மெட்டு போனாலும் சொல்லின் நினைவு போகவில்லை. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் மந்திரத்துக்கு ‘கால்ட்ர்’ என்று பெயர். பாடுதல், கூவுதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். ஆங்கிலத்தின் ‘சார்ம்’ லத்தீனில் பாட்டைக் குறிக்கும் ‘கார்மென்’ என்பதிலிருந்து வந்தது. நம் தொல்காப்பியர் மந்திரத்துக்கு இலக்கணம் சொன்ன இடமோ செய்யுளியல்: “நிறைமொழி மாந்தர் ஆணையில் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.” மந்திரத்தை அவர் மொழியாகவே பார்த்தார், அதையும் செய்யுளோடு சேர்த்து வைத்தார். இந்த ஒற்றுமையைக் கண்டு எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

இனி வரலாறு. பழமை பற்றிப் பொய் சொல்பவர்கள் இத்துறையில் மலிந்திருப்பதால் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இன்றைய மேற்கத்திய மாந்திரீகத்தின் பெரும்பகுதி 1888இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்ற ரகசிய அமைப்பின் வழி வந்தது. கவிஞர் யேட்ஸ் 1890இல் அதில் சேர்ந்தார். அதே அமைப்பில் இருந்த நடிகை ஃப்ளோரன்ஸ் ஃபார், தமக்கென்று செய்யப்பட்ட ஒரு நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு யேட்ஸின் கவிதைகளை ஓதினார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு குரலைத் தேடினார். அந்த அமைப்பிலிருந்து வந்த அலெய்ஸ்டர் க்ரௌலிதான் மேடை வித்தையிலிருந்து வேறுபடுத்துவதற்காக ‘மேஜிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ‘கே’ எழுத்தைச் சேர்த்தவர். மன உறுதிக்கு இணங்க மாற்றத்தை உண்டாக்கும் அறிவியலும் கலையும்தான் மாந்திரீகம் என்பது அவர் தந்த விளக்கம். அவருடைய வாழ்க்கை பின்பற்றத்தக்கது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விளக்கம் நிற்கிறது.

அடுத்து ஜெரால்ட் கார்ட்னர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பிறகு போர்னியோ, மலாயாவிலும் வேலை பார்த்துவிட்டு 1936இல் இங்கிலாந்து திரும்பியவர். மாந்திரீகம் செய்வதாகச் சொல்லிக்கொள்வதைத் தண்டித்த 1735ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் தம் நூலை வெளியிட்டு, விக்கா என்று இன்று அறியப்படும் பேகன் மாந்திரீக நெறியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அது கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருவதாக அவர் நம்பினார். ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை. 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டொரீன் வேலியன்ட், குருவின் சடங்கு நூலில் க்ரௌலியின் வரிகள் நிறைந்திருப்பதைக் கண்டு நேரடியாகக் கேட்டார். பிறகு தாமே அவற்றை மாற்றி எழுதினார். தேவி தன் மக்களிடம் பேசுவதாக அவர் எழுதிய பகுதி இன்றும் முழுநிலவு இரவுகளில் ஓதப்படுகிறது. 1950களில் எழுதியது என்பதால் அதன் வலிமை குறைந்துவிடவில்லை. ஆண்டுச் சக்கரம் எனப்படும் எட்டு விழாக்களில் இலையுதிர்காலச் சமநாளுக்கு ‘மேபன்’ என்ற பெயர் வந்தது 1970களில்தான். வழிபாடு புதிதாக இருப்பது குற்றம் அல்ல. நேற்று எழுதியதை ஐயாயிரம் ஆண்டு என்று சொல்லி விற்பதுதான் குற்றம். அப்படிச் சொல்பவரிடம் எதையும் கற்காதீர்கள்.

உண்மையாகவே பழைய சொல் ஒன்று வேண்டுமா? ஜெர்மனியின் மெர்ஸபர்க் தேவாலய நூலகத்தில் ஒரு கிறித்தவ ஏட்டின் வெற்றுப் பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதி வைத்த இரண்டு மந்திரங்கள் 1841இல் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாவது மந்திரம் ஒரு குட்டிக்கதை. ஃபோல், வோடன் என்ற தெய்வங்கள் காட்டுக்குள் குதிரையில் போகிறார்கள்; வோடன் என்பது ஓடினின் ஜெர்மானியப் பெயர். பால்டர் என்ற தெய்வத்தின் குதிரைக் குட்டிக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. தேவியர் ஒவ்வொருவராகப் பாடிப் பார்க்கிறார்கள். கடைசியில் வோடன் தனக்குத் தெரிந்தபடி பாடுகிறார்: எலும்போடு எலும்பு, குருதியோடு குருதி, மூட்டோடு மூட்டு, பசை போட்டதுபோல் ஒட்டட்டும்.

தொன்மம் அன்றாட வாழ்வில் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது. ‘இந்தக் குதிரையைக் குணமாக்கு’ என்று இதில் யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். சொல்லும்போதே, எதிரில் நொண்டிக்கொண்டு நிற்கும் குதிரை பால்டரின் குதிரையாகிவிடுகிறது. அதன் காலைப் பிடித்திருக்கும் கை வோடனின் கையாகிவிடுகிறது. தனி ஒருவரின் துன்பம் ஒரு பெரிய கதைக்குள் போய்ச் சேர்ந்து, முடிவு தெரிந்த துன்பமாகிறது. தன் கணுக்கால் பிசகியபோது மருத்துவரிடம் போய்வந்து, தினமும் கட்டு மாற்றும் நேரத்தில் இந்த வரிகளை மெல்லப் பாடிய ஒருவரை எனக்குத் தெரியும். துணியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி: எலும்பு, குருதி, மூட்டு. வைத்தியம் தன் வேலையைச் செய்தது. வலி தந்த பயத்தைப் பாட்டு பார்த்துக்கொண்டது. வைத்தியத்துக்குப் பதிலாக மந்திரம் என்று சொல்பவரை விட்டு விலகுங்கள்.

அன்றாடம் என்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மக்கள் பாடியவற்றை அலெக்சாண்டர் கார்மைக்கேல் பல பத்தாண்டுகள் சேகரித்து 1900இல் வெளியிட்டார். பால் கறக்க ஒரு பாட்டு, தறியில் உட்கார ஒரு பாட்டு, காலையில் முகம் கழுவ ஒரு பாட்டு. இரவில் அடுப்பை மூடுவது எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுப் பெண் கனன்றுகொண்டிருக்கும் தணலை வட்டமாகப் பரப்பி மூன்றாகப் பிரிப்பாள். நடுவில் சிறு மேடு இருக்கும். பிரிவுகளுக்கு இடையே கரிமண் கட்டிகளை வைத்து, எல்லாவற்றையும் சாம்பலால் மூடி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவான குரலில் ஓதுவாள். நெருப்பு அணையவும் கூடாது, பற்றி எரியவும் கூடாது. காலையில் ஊதினால் உயிர்க்க வேண்டும். அந்த வரிகள் கிறித்தவத் திரித்துவத்தையும் புனித பிரிஜித்தையும் அழைப்பவை. இன்றைய பேகன்கள் அங்கே தங்கள் தெய்வங்களின் பெயரை வைத்துப் பாடுகிறார்கள். அப்படிச் செய்பவர்கள் மூலம் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

பேகன் ஒருவரின் நாளை நெருங்கிப் பார்த்தால் இப்படிப்பட்ட சிறு இணைப்புகள்தான் தெரியும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் வரை நாலு வரி. வாசலைத் தாண்டும்போது ஒரு பெயர். தரையைக் கூட்டும்போது, வேண்டாததெல்லாம் வெளியே போகட்டும் என்று துடைப்பத்தின் வீச்சுக்கு ஏற்ப ஒரு மெட்டு. பிறை தெரிந்தால் ஒரு நிமிடம் நிற்பது. இது ‘வேலை செய்கிறதா’ என்று கேட்பீர்கள். பாடினால் மூச்சு நீள்கிறது, மூச்சு நீண்டால் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. நிலைத்த மனத்தோடு ஒரே எண்ணத்தைத் தினமும் தொட்டுவந்தால் நடத்தை மாறுகிறது. இது யாரும் சோதித்துப் பார்க்கக்கூடியது. தெய்வங்கள் உண்மையாகவே கேட்கிறார்கள் என்பவர்களும், அவர்கள் நம் மனத்தின் ஆழத்து வடிவங்கள் என்பவர்களும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்கிறார்கள். யாரோ கேட்கிறார்கள் என்றே நான் பாடுகிறேன்.

கூட்டுச் சடங்கு வேறு வகை. இங்கிலாந்தில் ஓர் அக்டோபர் கடைசி இரவில், இறந்தவர்களை நினைக்கும் ‘சவ்வின்’ என்னும் விழாவுக்கு ஒரு திறந்தவெளி வட்டத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பக்க அச்சுத்தாள். கிழக்கில் காற்றையும் தெற்கில் நெருப்பையும் அழைத்து முடிப்பதற்குள் காற்று வந்து மெழுகுவத்திகளை அணைத்துவிட்டது. தாள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு முதியவள் யாரையும் கேட்காமல் மூன்று வரிப் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள். இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆறாவது சுற்றில் அது இரண்டு குரலாகப் பிரிந்தது. ஒருவர் தொடையில் தட்டித் தாளம் கொடுத்தார். கால்கள் தாமாக நகர்ந்தன. வேகம் ஏறி ஏறி, ஓரிடத்தில் எல்லோரும் ஒரே மூச்சில் நிறுத்தினோம். அந்த நிசப்தத்தில் என் காதுக்குள் இரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் குனிந்து ஈரப் புல்லில் உள்ளங்கையை வைத்தோம். பாட்டால் மேலெழுப்பிய ஆற்றலைக் குறிக்கோளை நோக்கி விடுவது, மீந்ததை மண்ணுக்குத் தருவது என்று இதைச் சொல்வார்கள். பேகன் பாட்டுகள் ஏன் இவ்வளவு குறுகியவை, ஏன் திரும்பத் திரும்ப வருபவை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவை இருட்டில் நிற்பவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

இசை வழியே மீண்ட இரண்டு நாடுகளைச் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவத்தை ஏற்ற நாடு. அங்கே 1972இல் பழைய தெய்வங்களை வழிபடும் ஆசாத்ரூ சங்கம் தொடங்கி, 1973இல் அரசு அங்கீகாரம் பெற்றது. அதன் முதல் தலைவர் ஸ்வைன்பியோர்ன் பெய்ன்டைன்சன் ஆடு வளர்த்த உழவர். ரீமுர் என்னும் பழைய கதைப்பாடல் முறையில் தேர்ந்தவர். ‘எட்டா’ எனப்படும் பழைய நார்ஸ் தொன்மப் பாடல்களை அவர் ஓதிய ஒலிப்பதிவு இருக்கிறது, தேடிக் கேளுங்கள். 2003 முதல் தலைவராக இருக்கும் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் இசையமைப்பாளர். முதல் தலைவர் பாடகர், இப்போதையவர் இசையமைப்பாளர் என்பதை நான் தற்செயலாகக் கொள்வதில்லை.

ஐரோப்பாவில் மிகத் தாமதமாக, 1387இல் மதம் மாறிய நாடு லித்துவேனியா. அங்கே ரோமுவா என்னும் பழைய வழிபாட்டு நெறியை மீட்ட யோனாஸ் டிரிங்கூனாஸும் அவர் மனைவி இனியாவும் 1989இல் கூல்கிரிண்டா என்ற பாட்டுக் குழுவைத் தொடங்கினார்கள். சதுப்பு நீருக்கு அடியில் கல் பாவி, உள்ளூரார் மட்டுமே அறிந்த ரகசியப் பாதைக்கு அந்தப் பெயர். அவர்கள் பாடும் ‘சுதார்தினேஸ்’ பாட்டில் இரண்டு குரல்கள் அடுத்தடுத்த சுரங்களில் ஒட்டி உரசிக்கொண்டு போகும். முதல்முறை கேட்பவருக்குச் சுருதி பிசகியதாகத் தோன்றும், பிறகு மணியின் அதிர்வு போலக் கேட்கும். யுனெஸ்கோ 2010இல் இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குத்ரீத்தின் பாட்டைப் போலன்றி, கிராமத்துப் பெண்களின் வாயில் இது பிழைத்திருந்தது. பழமை வேண்டும் என்று உங்கள் மனம் கேட்டால் பறை முழங்கும் மேடைகளை விட்டு இங்கே வாருங்கள்.

குழுவில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள். தனியாகவே வழிபடுபவர்கள் இவர்களில் ஏராளம். சேர்வதானால், வட ஐரோப்பியச் சின்னங்களை இனவெறிக்காகச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ‘எங்கள் இரத்தம்’ என்ற பேச்சு எழுந்த இடத்தில் நில்லாதீர்கள். மூலிகை எதையும் விசாரிக்காமல் உட்கொள்ள வேண்டாம். புகழ்பெற்ற மந்திர மூலிகைகள் சில கருவுற்றவர்களுக்கு ஆகாதவை.

கடைசியாக, பாட வராது என்றீர்கள். ஸ்வைன்பியோர்னின் பதிவைக் கேட்டால் இந்தக் கவலை போய்விடும். அவருடையது பயிற்சி பெற்ற கச்சேரிக் குரல் அல்ல. மூன்று நான்கு சுரங்களுக்குள் ஏறி இறங்கி, வரியின் கடைசியில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவார், அவ்வளவுதான். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கை மட்டும் வேலை செய்து வாய் சும்மா இருக்கும் வேலையாக இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த தொன்மத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து மூன்று வரியாகச் சுருக்குங்கள். முதல் வாரம் சொல்லே வேண்டாம், முணுமுணுப்பு போதும். இரண்டாம் வாரம் சொல் சேரட்டும். அடுத்த அமாவாசை முதல் அதற்கடுத்த அமாவாசை வரை மெட்டை மாற்றாமல் பாடுங்கள். நடுவில் ஒருநாள் நீங்கள் நினைக்காமலே வாய் அதைத் தொடங்கிவிடும். அன்றைய தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.